துணி துவைத்துப் படித்த விஞ்ஞானி



நம்ம மலருக்கு ஒரு பெரிய மனிதருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிற பழக்கம் உண்டு. அப்படிப் படித்ததில் என் மனசை விட்டுப் போகாதவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்காவில் பிறந்த கறுப்பின விஞ்ஞானி. இறந்து 80 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அமெரிக்க விஞ்ஞானிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர் ஆராய்ச்சி செய்த பொருட்களைக் கேளுங்கள். நிலக்கடலை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தக்காளி. அவர் ஏழைக் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஊறுகாய் போடுவது, வத்தல் காயவைப்பது, கோழி வளர்ப்பது, சுவருக்கு வெள்ளையடிப்பது. எல்லாமே நம்ம வீட்டுச் சமாச்சாரம். அதோடு கடனில் மாட்டாமல் இருப்பது எப்படி என்றும் சொன்னார். அதனால்தான் இவரை எடுத்துக்கொண்டேன்.

அம்மாவைத் தெரியாத பிள்ளை

ஜார்ஜ் 1864ஆம் வருஷம் வாக்கில் மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். சரியான தேதி யாரும் எழுதி வைக்கவில்லை. அடிமைக் குழந்தைக்கு யார் எழுதி வைப்பார்கள்? அவருடைய அம்மா மேரியை மோசஸ் கார்வர் என்ற பண்ணைக்காரர் 700 டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயசு 13. மாடு பிடிக்கிற மாதிரி விலை பேசி, ரசீது எழுதி வாங்கியது.

ஜார்ஜ் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ராத்திரி கொள்ளைக்காரர்கள் வந்து அம்மாவையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு இடத்தில் விற்றுவிடலாம் என்ற எண்ணம்தான். தேடிப் போன ஆள் குழந்தையை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தார். அதற்குக் கூலியாக மோசஸ் தன்னுடைய குதிரை ஒன்றைக் கொடுத்தார். மேரி கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை.

கக்குவான் இருமலில் உயிர் போகிற நிலையில் வந்த பிள்ளையை மோசஸின் மனைவி சூசன் அம்மாதான் காப்பாற்றினார். அடிமை முறை ஒழிந்த பிறகும் ஜார்ஜையும் அவர் அண்ணன் ஜிம்மையும் இவர்களே வளர்த்தார்கள். அண்ணன் திடமானவர், வயல் வேலைக்குப் போனார். ஜார்ஜ் நோஞ்சான். அதனால் சூசன் அம்மா அவரை வீட்டு வேலைக்குப் பழக்கினார். சமையல், துணி துவைப்பது, தையல், பூ வேலை, தோட்டம் என்று எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது. அக்கம்பக்கத்தார் வாடிப்போன செடியைக் கொண்டுவந்து காட்டுவார்களாம். செடி வைத்தியர் என்று சின்ன வயசிலேயே பேர்.

ஆம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்றைக்கு யாராவது நினைத்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டு வேலைதான் பிறகு 20 வருஷத்துக்கு அவருக்குச் சோறு போட்டது.

துவைத்த காசில் படிப்பு

டைமண்ட் ஊர்ப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். எட்டு மைல் தூரத்தில் நியோஷோ என்ற ஊரில்தான் அவர்களுக்குப் பள்ளி. பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன் தனியாக நடந்து போனார். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற அம்மா இடம் கொடுத்தார். அவர் துணி வெளுத்துப் பிழைத்தவர், பிரசவமும் பார்ப்பவர். பள்ளி இடைவேளை விட்டால் ஜார்ஜ் வேலி தாண்டி ஓடி வந்து துணி துவைப்பார், மணி அடித்ததும் திரும்ப ஓடுவார். படித்ததை உனக்கென்று வைத்துக்கொள்ளாதே, நம்ம ஜனங்களுக்குத் திருப்பிக் கொடு என்பது மரியா அம்மா அவருக்குச் சொன்ன புத்தி. அதை அவர் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு கான்சஸ் மாநிலத்தில் ஊர் ஊராகப் போனார். சமையல்காரராக இருந்தார், சலவைத் தொழில் செய்தார், படித்தார். ஒரு ஊரில் கறுப்பு மனிதர் ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்று எரித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அந்த ஊரை விட்டே ஓடினார். ஒரு கல்லூரியில் கடிதத்திலேயே இடம் கிடைத்தது. நேரில் போனபோது தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனசு உடைந்துதான் போயிருக்கும். 1886இல் கான்சஸின் மேற்குப் பக்கத்தில், அரசாங்கம் குடியேறுகிறவர்களுக்குக் கொடுத்த புல்வெளி நிலத்துக்குப் போனார். அங்கே வீடு கட்ட மரம் கிடைப்பது கஷ்டம். புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கித்தான் சுவர் வைக்கணும். அப்படி ஒரு சின்ன வீட்டைத் தானே கட்டினார். 17 ஏக்கரைத் தனி ஆளாகக் கிளறி விதைத்தார். மழை குறைவு, குளிர்காலத்தில் பனிப்புயல். கையில் இருப்பதை வைத்து நாளைக் கடத்துவது என்றால் என்ன என்பதை அங்கே அவர் நேரில் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் ஏழை விவசாயிகளுக்கு அவர் சொன்ன யோசனைகள் புத்தகத்தில் படித்து மட்டும் வந்தவை இல்லை.

இரண்டு வருஷத்தில் மறுபடி படிப்பு ஆசை. 1890இல் அயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. கட்டணம் கட்டியது போக மிஞ்சிய பத்து சென்ட் காசில் மக்காச்சோள மாவும் கொழுப்பும் வாங்கி ஒரு வாரத்தை ஓட்டியதாக அவரே பின்னால் நினைவு கூர்ந்திருக்கிறார். மாணவர்களின் துணியைத் துவைத்துத்தான் செலவைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் அயோவா விவசாயக் கல்லூரிக்கு மாறினார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான். 1894இல் பட்டம், 1896இல் மேல்பட்டம்.

வாசல் வரைக்கும் பருத்தி

அதே 1896இல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின மக்களுக்கான கல்விக்கூடம் நடத்திவந்த புக்கர் வாஷிங்டன் அவரை வேலைக்கு அழைத்தார். அயோவாவிலேயே இருந்திருந்தால் வசதியான வேலை இருந்தது. ஆனாலும் புறப்பட்டுப் போனார். போன இடத்தில் ஆராய்ச்சிக்கு ஒரு சாமானும் இல்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பை மேட்டுக்குப் போய் உடைந்த பாட்டில், பழைய பாத்திரம், மூடி எல்லாம் பொறுக்கி வந்து ஆராய்ச்சிக் கூடம் ஆரம்பித்தார்.

அந்த ஊர் ஜனங்களுடைய நிலைமையைச் சொல்லணும். அடிமை முறை போய் 30 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் நிலம் இன்னும் பழைய முதலாளிகளிடமே இருந்தது. இவர்கள் வாரத்துக்கு உழுதார்கள். முதலாளி பருத்திதான் போடச் சொல்வார், ஏனென்றால் அதுதான் காசு. பல இடங்களில் வீட்டு வாசல் வரைக்கும் பருத்தி. நாலு கத்திரிக்காய்ச் செடி வைக்க இடம் இருக்காது. மாவு, கொழுப்பு, வெல்லப்பாகு, துணி எல்லாம் முதலாளி கடையில் கடனுக்கு. கணக்கு நோட்டும் அவர் கையில், வட்டியும் அவர் சொல்வது. பருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தால், வருஷம் முழுக்க உழைத்ததற்கு மிஞ்சுவது அடுத்த வருஷத்துக்கான பாக்கி.

சாப்பாடோ மூணு வேளையும் அதே மக்காச்சோள மாவும், பன்றிக் கொழுப்பும், பாகும். காய் கிடையாது, பயறு கிடையாது. பெல்லக்ரா என்ற சத்துக்குறைவு நோய் அந்தப் பக்கத்தில் பரவலாக இருந்தது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், புத்தி தடுமாறும். வயல் நிறைய விளைச்சல், வீட்டில் சத்தில்லாத சோறு.

இதைப் பார்த்த கார்வர், பருத்தியை எப்படிக் கூடுதலாக விளைவிப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. கடைக்குப் போகிற தேவையை எப்படிக் குறைப்பது என்று யோசித்தார். எனக்குப் பிடித்ததே இதுதான்.

அவர் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பாடம்

முதலில் மண். வருஷா வருஷம் பருத்தி போட்டு மண் செத்துப்போயிருந்தது. உரம் வாங்கக் காசில்லை. காட்டில் விழுந்த இலையையும், சதுப்பு நிலத்துச் சேற்றையும், வீட்டுக் குப்பையையும் சேர்த்து மக்க வைத்துப் போடச் சொன்னார். தட்டைப்பயறும் நிலக்கடலையும் மாற்றிப் போடச் சொன்னார். இவற்றின் வேர் முடிச்சுகள் காற்றில் இருக்கும் தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும் என்பது நம்ம ஊர்க் கடலைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான்.

அடுத்தது அடுப்படி. சின்னச் சின்னப் புத்தகங்களாக 40க்கு மேல் எழுதினார். ஒரே புத்தகத்தில் விவசாயிக்குச் சாகுபடி முறை, ஆசிரியருக்கு அதன் விஞ்ஞானம், வீட்டுப் பெண்களுக்குச் சமையல் முறை என்று மூணு பேருக்கும் விஷயம் இருக்கணும் என்று நினைத்தார். 1908இல் தட்டைப்பயறு சமைக்கும் முறைகள். 1912இல் வெயில் காலத்தில் கறி கெடாமல் உப்பில் பதப்படுத்தும் முறை, நம்ம உப்புக்கண்டம் மாதிரி. 1916இல் நிலக்கடலையில் 105 வகைப் பண்டம். 1918இல் தக்காளியில் 115 வகை. காட்டில் யாரும் சீண்டாமல் உதிர்கிற பிளம் பழத்தைக்கூடக் காயவைத்தும் பாகு வைத்தும் ஊறுகாய் போட்டும் வைத்துக்கொள்ள ஒரு புத்தகம். காய் மலிகிற மாசத்தில் பதப்படுத்தி, இல்லாத மாசத்தில் எடுத்துச் சாப்பிடணும் என்பதுதான் எல்லாவற்றிலும் இருக்கும் செய்தி.

பன்றிக்குத் தீனி வாங்க வேண்டாம், காட்டில் விழுகிற ஓக் மரக் கொட்டைகளைப் போடலாம் என்று சொன்னார். சுண்ணாம்பும் பெயின்ட்டும் வாங்கக் காசில்லாதவர்கள் அந்த ஊர் வெள்ளை மண், செம்மண், மஞ்சள் மண்ணையே கரைத்து வடிகட்டி வீட்டுக்கு அடிக்கலாம் என்று 1911இல் ஒரு புத்தகம் போட்டார். ஏழை வீடு என்றால் அழுக்காக இருக்கணும் என்று சட்டமா என்ன?

படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களிடம் வண்டியே போனது. 1906இல் கார்வர் வரைபடம் போட்டுக் கொடுக்க, டஸ்கீகி மாணவர்கள் ஒரு கோவேறு கழுதை வண்டி செய்தார்கள். கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாம் அதில் ஏற்றி ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார்கள். பணம் கொடுத்தவர் பேரால் அதற்கு ஜெசப் வண்டி என்று பேர். பிற்காலத்தில் அது மோட்டார் வண்டியாகி, ஒரு நர்ஸும் அதில் போனார். நமக்கு வீட்டுத் தோட்டப் பயிற்சி கொடுக்க ஊருக்கே ஆள் வருகிறார்கள் இல்லையா, அதே மாதிரிதான்.

ஐந்து காசுக் கணக்கு

நம்ம குழுக்களுக்கென்றே சொன்ன மாதிரி ஒரு விஷயம் உண்டு. வேலை செய்கிற ஒவ்வொரு நாளும் ஐந்து சென்ட் எடுத்து வைக்கணும் என்று விவசாயிகளிடம் சொல்வார். நிலத்து சென்ட் இல்லைங்க, அந்த ஊர்க் காசு. நூறு சென்ட் ஒரு டாலர். ஞாயிற்றுக்கிழமை போக வருஷத்துக்கு 313 நாள். ஐந்து ஐந்தாகச் சேர்த்தால் 15 டாலர் 65 சென்ட். அப்போது அங்கே ஏக்கர் ஐந்து டாலருக்குக் கிடைத்தது. மூணு ஏக்கர் வாங்கலாம், மிச்சம் 65 சென்ட்டை வங்கியில் போட்டுக் கணக்கு ஆரம்பிக்கலாம். இந்தக் கணக்கை நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

ஆனால் அந்த ஐந்து காசு எங்கிருந்து வரும்? அவர் கூலி உயர்வு வாங்கித் தருகிற இடத்தில் இல்லை. கடையில் கொடுக்கிற காசு மிச்சமானால்தான் அது வரும். தோட்டமும், கோழியும், வத்தல் பானையும் இருந்தால்தான் உண்டியலில் காசு விழும். சேமிப்பும் வீட்டு இருப்பும் அவருக்கு ஒரே பாடம்.

பூச்சியும் கடலையும்

1910 வாக்கில் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு அலபாமாவுக்குள் வந்துவிட்டது. பருத்தியை மட்டும் நம்பியவர்கள் எல்லாம் இழந்தார்கள். அதற்குப் பிறகுதான் பல விவசாயிகள் கடலைக்கு மாறினார்கள். அந்த மாநிலத்தில் என்டர்பிரைஸ் என்ற ஊர்க்காரர்கள், இந்தப் பூச்சி வந்ததால்தான் கடலை போட்டு நாலு காசு பார்த்தோம் என்று 1919இல் பூச்சிக்கு ஞாபகச் சின்னமே வைத்தார்கள்!

கடலையிலிருந்து பால், மாவு, எண்ணெய், சோப்பு, சாயம், மை என்று 300 வகைக்கு மேல் கார்வர் செய்து காட்டினார். 1921இல் கடலை இறக்குமதி வரி பற்றிப் பேச அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவருக்குப் பத்து நிமிஷம் கொடுத்தது. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டக் காட்ட, நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். கறுப்பு மனிதரை ஓட்டலில் பக்கத்து மேசையில் உட்கார விடாத காலம் அது.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. அவருக்கு முன்பே அது இருந்தது. அவர் செய்து காட்டிய பொருட்களில் பெரும்பாலானவை கம்பெனி சரக்காகவும் ஆகவில்லை. அதனால் அவர் மதிப்பு குறையாது என்பது என் எண்ணம். அவர் முக்கியமாக நினைத்தது வீட்டில் செய்துகொள்ளக்கூடியவற்றைத்தான்.

முதல் உலகப்போரில் கோதுமைத் தட்டுப்பாடு வந்தபோது, டஸ்கீகி சமையலறையில் சர்க்கரைவள்ளி மாவைக் கோதுமை மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். அடுத்த உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942இல், களை என்று நாம் பிடுங்கி எறிகிற செடிகளில் எதையெல்லாம் கீரையாகச் சாப்பிடலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். அப்போது அவருக்கு 78 வயசு இருக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழிசலைத் தானே தைத்துக்கொள்வார், குரோஷா பின்னுவார், பழைய கோட்டில் தினம் ஒரு பூ செருகிக்கொள்வார். சேர்த்த பணம் சுமார் 60,000 டாலரையும் ஆராய்ச்சிக்கே எழுதி வைத்தார். படியில் விழுந்து உடம்பு தேறாமல் 1943 ஜனவரி 5ஆம் தேதி இறந்தார். அதே வருஷம் அவர் பிறந்த பண்ணையை நாட்டின் நினைவிடமாக அறிவித்தார்கள்.

நமக்கு என்ன இருக்கிறது

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். கார்வர் சொன்னதால் வாரக் குடியானவர்கள் எல்லோருடைய கஷ்டமும் தீர்ந்துவிடவில்லை. தோட்டம் போட முதலாளி இடம் கொடுத்தால்தானே? கணக்கு நோட்டு வேறொருவர் கையில் இருக்கும் வரைக்கும் தனி ஒரு குடும்பம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் முழுசாகத் தப்பிக்க முடியாது.

நமக்கு அந்த நோட்டு நம்ம கையிலேயே இருக்கிறது. சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் நாமே கூடி எழுதுகிறோம். அந்த ஜனங்களுக்குக் கிடைக்காத பெரிய பலம் இது. ஆனால் அவர் சொன்ன இன்னொரு பாதியை நாம் விட்டுக்கொண்டு வருகிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் குழுவில் உள்கடன் கேட்பவர்களில் மளிகைக் கடை பாக்கியை அடைக்கக் கேட்பவர்கள் வரவர அதிகம். மாடு வாங்கினால் அது தவணை கட்டும். சாப்பிட்டு முடித்த சாமானுக்கு வாங்கிய கடனுக்கு யார் தவணை கட்டுவது? குழு கொடுக்கும் காசு கடைக்குப் போய்விட்டு, தவணைக்கு வேறு கடன் தேடுகிற நிலைமை வந்தால், நம்ம நோட்டு நம்ம கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை.

2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். சந்தை இல்லை, பஸ் இல்லை, கூலி இல்லை. எங்கள் தெருவில் அப்போது தைரியமாக இருந்தது என் மாமியார் ஒருத்திதான். செம்மண் கட்டிக் காயவைத்த துவரை, மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், ஒரு பானை புளி, கொல்லையில் முருங்கை, நாலு கோழி. நாங்கள் சாப்பிட்டது போகப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம். அந்த வித்தைகளில் பாதி எனக்கு அதற்குப் பிறகுதான் கைவந்தது. அவர் காலத்துக்குப் பிறகு எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கற்பது?

அதனால் கூட்டமைப்புக்கு என்னுடைய சின்ன வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும் மாசம் ஒரு கூட்டத்தில், வரவுசெலவு முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குவோம். தெரிந்த ஒருவர் தெரியாதவர்களுக்கு ஒரு வீட்டு வித்தையைச் சொல்லிக்கொடுக்கட்டும். விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பது, பயறில் வண்டு விழாமல் வைப்பது, தக்காளி விலை இல்லாமல் கொட்டுகிற மாசத்தில் அதை வத்தல் போடுவது, எதுவானாலும் சரி. அதைத் தீர்மான நோட்டில் எழுதியும் வைப்போம். பத்து வருஷத்தில் நம்ம கூட்டமைப்புக்கே ஒரு புத்தகம் சேர்ந்துவிடும். ஆம்பளைப் பிள்ளைகளையும் கூடவே உட்கார வைத்துப் பழக்குவோம்.

 எல்லாக் குழுக்களும் நல்லா வளரணும்.